நம்பர் இல்லாத வேட்டை ரைஃபிள்: வாங்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவருக்கு நான்கு ஏக்கர். பாதி ரப்பர், மீதி வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி). காட்டுப்பன்றி ராத்திரியில் வந்து மரச்சீனியை மூட்டோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறது. அப்பா வைத்திருந்த 12 போர் (குழல் அளவு) ஒற்றைக் குழல் துப்பாக்கி இப்போது இவர் பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. இந்த நேரத்தில் கேரளத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கம் இருக்கும் ஒரு உறவினர், முறைக்கு மாமா, தன் பாட்டா காலத்து வேட்டை ரைஃபிள் ஒன்றைத் தருகிறேன் என்கிறார். மலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை ஒருவர் சொல்லிச் செய்வித்ததாம், ஊருக்குத் திரும்பும்போது பாட்டாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கம்பெனி பெயர் இல்லை, நம்பர் இல்லை, என்ன தோட்டா போட வேண்டும் என்றும் எங்கும் வெட்டவில்லை. விலை இரண்டு லட்சம் ரூபாய். 20,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் போய்விட்டது. ரைஃபிள் இன்னும் மாமா வீட்டில்தான். "ரெண்டு நாள் கொண்டுபோய் வெச்சுப் பாரு மக்களே, பிடிச்சா மீதியக் குடு" என்கிறாராம்.

வாசகரின் கேள்விகள் இவை. இதைச் செய்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலைக்குத் தகுந்த சரக்குதானா? இருக்கிற 12 போர் லைசென்ஸிலேயே இதையும் ஏற்றிக்கொள்ள முடியுமா? நூறு வருஷப் பழசுக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கினால் போதுமா? கூடவே ஆறு போட்டோவும் அனுப்பியிருக்கிறார்.

மற்றதெல்லாம் அப்புறம். அந்த ரைஃபிளை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். இரண்டு நாளுக்கும் வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கும் வேண்டாம், மாமாவே காரில் கொண்டுவந்து இறக்கினாலும் வேண்டாம். "நான் இன்னும் வாங்கவில்லை, பார்க்கத்தான் வைத்திருந்தேன்" என்பது ஆயுதச் சட்ட வழக்கில் பதிலே இல்லை. சட்டம் கேட்பது யார் சொந்தக்காரர் என்பதை அல்ல, யார் வசம் இருக்கிறது என்பதை. 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கையில் பிடித்திருக்க வேண்டும் என்றில்லை, தெரிந்தே தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாலே வசம் வைத்திருப்பதுதான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வசம் இருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகம் 5 வருஷம் சிறை, கூடவே அபராதம். கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டி அதைக் காரில் கொண்டுவரும்போது வண்டியைக் கை காட்டி நிறுத்தினார்கள் என்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமா பெட்டியோடு தருகிறேன் என்று சொன்ன பழைய தோட்டாக்களுக்கும் இதேதான். தோட்டாவுக்கும் தனியாக லைசென்ஸ் வேண்டும். உங்கள் 12 போர் லைசென்ஸ் 12 போர் தோட்டாவுக்கு மட்டும்தான்.

பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

இது மாவட்டம் முழுக்க உலவுகிற நம்பிக்கை. வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். எங்கோ பாதி கேட்டது அது. ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் பழங்கால ஆயுதத்துக்கு ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தை முடிவு வரைக்கும் படிக்க வேண்டும்: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்கிற பொருளுக்குத்தான் அந்த விலக்கு. வயதுக்கு அங்கே வேலையே இல்லை. சுவரில் மாட்டிய, துரு ஏறி அடைந்துபோன குழல் என்றால் பேசிப் பார்க்கலாம். நீங்கள் அனுப்பிய போட்டோவில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) எண்ணெய் மினுமினுப்போடு இருக்கிறது, மாமாவே "போன வருஷம்கூட ஒண்ணு அடிச்சேன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எங்கே விலக்கு?

ஸ்டாம்ப் பேப்பர் விஷயமும் இப்படித்தான். சட்டம் தடுத்த ஒரு விற்பனையைப் பத்திரத்தில் எழுதினால் அது செல்லாத ஒப்பந்தம். அதைவிட மோசம் என்னவென்றால், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நாளும் விலையும் எழுதி, தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தயார் செய்து வைத்துக்கொள்வதுதான் அது.

கிரீடமும் அந்தப் பளபளப்பும்

சரி, செய்தது யார் என்ற கேள்விக்கு வருவோம். நான் துப்பாக்கி நிபுணன் இல்லை. ஆனால் வழக்குகளில் தடய அறிவியல் ஆய்வக அறிக்கைகளைப் படித்துப் படித்துக் கொஞ்சம் பழகிவிட்டது. போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பட்டை, பின்முனையில் இடம் வலமாகப் புரளும் சின்ன இறக்கை போன்ற சேஃப்டி, இரண்டையும் பார்த்தால் மவுசர் 98 வகை மாதிரிதான் தெரிகிறது. ஜெர்மானிய வடிவம் அது. உலகம் பூராவும் ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் போனது, அதையே வாங்கி அல்லது பிரித்து எடுத்து வேட்டை ரைஃபிளாக மாற்றிய பட்டறைகள் ஏராளம். லண்டன் ரிக்பி போன்ற பெரிய பெயர்களும் மவுசர் போல்ட் அமைப்பின் மேல்தான் ரைஃபிள் கட்டினார்கள், பெயர் தெரியாத சின்னப் பட்டறைக்காரர்களும் கட்டினார்கள். அதனால் மவுசர் என்று தெரிந்தால் மட்டும் செய்தவர் யார் என்றோ, விலை என்ன என்றோ தெரிந்துவிடாது.

குழலின் அடியில் நீள்வட்டத்துக்குள் எழுத்தும் மேலே ஒரு கிரீடமும் இருக்கிறது, அதனால் இங்கிலாந்து ராஜாங்கத்துச் சரக்கு என்று மாமா சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் இ, எல், ஜி. அது பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சோதனைச் சாலையின் முத்திரை, 1893-க்குப் பிறகு அதன் மேல் கிரீடம் சேர்ந்தது. கிரீடம் லண்டன், பர்மிங்ஹாம் முத்திரைகளிலும் உண்டு, பழைய ஜெர்மன் முத்திரையிலும் உண்டு. இந்த முத்திரைகள் சொல்வதெல்லாம், இந்தக் குழலில் அதிக அழுத்தத்துத் தோட்டா வெடித்துச் சோதித்தோம், தாங்கியது என்பதுதான். செய்தவர் பெயரும் அதில் இல்லை, சட்டம் கேட்கிற அடையாள எண்ணும் அது இல்லை.

என்னை உறுத்தியது மூன்றாவது போட்டோ. குழல் வந்து திருகி நிற்கிற வளையத்தின் மேல்பக்கம். மற்ற இடமெல்லாம் நீலக் கறுப்பு மங்கிப் பழுப்பு அடித்திருக்கிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு வெளுத்து, உருண்டையாக இருக்க வேண்டியது லேசாகத் தட்டையாகத் தெரிகிறது. அரம் போட்ட இடம் மாதிரி இருக்கிறது. இதில் ஒரு நியாயமான காரணமும் இருக்கலாம்: ராணுவ மவுசரை வேட்டைக்கு மாற்றும்போது அந்த வளையத்தில் இருக்கும் நாட்டுச் சின்னத்தைத் தேய்த்து எடுப்பது அந்தக் காலத்துப் பட்டறைகளில் சாதாரணம். வேறு காரணமும் இருக்கலாம். போட்டோவை வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது. ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள், எண்ணை அடித்துப் பதிக்கும்போது அடியில் இருக்கும் உலோகமும் அமுங்கிவிடுவதால், மேலே தேய்த்தாலும் அமிலம் தடவினால் பல நேரம் எண் மறுபடி தெரியவரும். ஆனால் அங்கே துப்பாக்கி போவது வழக்கு பதிவான பிறகுதான்.

உண்மையான எண் வேறு இடங்களில் ஒளிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மரத்துக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பாகம், போல்ட் கைப்பிடியின் வேர், ட்ரிகர் வளையத்தின் வால், அடித்தகட்டின் உள்பக்கம், இங்கெல்லாம் எண் வெட்டுவது வழக்கம். மரத்தைக் கழற்றினால்தான் தெரியும். அதை நீங்களோ மாமாவோ ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செய்யாதீர்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில், அதற்குரிய உரிமம் உள்ள மிஸ்திரி செய்ய வேண்டிய வேலை அது. கடைக்காரர் முதலில் கேட்பது, யார் லைசென்ஸில் இருக்கிறது என்றுதான். அந்தக் கேள்விக்கு மாமாவிடம் பதில் இருந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்தது, இல்லை என்றால் எல்லாம் அங்கேயே முடிந்தது.

என்ன தோட்டா என்று தெரியாமல் இருப்பதும் சின்ன விஷயம் அல்ல. 8 மில்லிமீட்டர் மவுசரிலேயே இரண்டு உண்டு, பழையதன் குண்டு .318 அங்குலம், பின்னால் வந்தது .323. தடித்த குண்டைப் பழைய குழலில் போட்டு அடித்தால் அழுத்தம் எகிறி போல்ட் முகத்துக்கு வரலாம். சட்டத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. .315, .30-06 போன்றவை லைசென்ஸ் கிடைக்கக்கூடிய அளவுகள். .303 போல ராணுவ அளவாக இருந்துவிட்டால் தடை செய்யப்பட்ட ஆயுதம் என்ற கணக்கில் போய்விடும், அங்கே தண்டனை 7 வருஷத்தில் தொடங்கி 14 வரை. எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத ஒன்றுக்குத்தான் இரண்டு லட்சம் பேசியிருக்கிறீர்கள்.

நம்பர் இல்லாதது என்றால் சட்டம் என்ன நினைக்கும்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை, "நம்பர் மட்டும் கிடையாது". முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவு மூன்று காரியம் சொல்கிறது. அடையாளத்தை அழிக்கக் கூடாது. அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. மூன்றாவதுதான் உங்களுக்கு: அடையாளம் இல்லாத அல்லது அழிக்கப்பட்ட துப்பாக்கி யார் வசம் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கும் வரை அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். துரை சொல்லிச் செய்வித்ததோ, பெல்ஜியத்துப் பட்டறையில் தேய்த்ததோ, மாமாவின் பாட்டா தேய்த்ததோ, அதை எல்லாம் நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில். எதை வைத்து நிரூபிப்பீர்கள்? சட்டம் அமலுக்கு வந்தது 1962 அக்டோபர் 1. அன்றைக்கு ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. திருவிதாங்கூர் காலத்துத் துப்பாக்கி என்ற பேச்சும் அதோடு முடிந்தது.

அதனால், லைசென்ஸில் ஏற்றிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு நேரடியான பதில்: இப்போது இருக்கிற நிலையில் முடியாது. உங்கள் லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, அதன் எண்ணோடு. ரைஃபிள் வேண்டுமென்றால் நாகர்கோவிலில் கலெக்டரிடம் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஒருவருக்கு இப்போது இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. வாங்கின பிறகு ஏற்றுவது என்பது தலைகீழ்.

மாமாவிடம் கேட்க வேண்டியவை

உறவுக்காரரிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். முறைப்படி வைத்திருக்கிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இந்த ரைஃபிள் எந்த எண்ணோடு, எந்த அளவோடு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். புத்தகம் பாட்டா பெயரில் மட்டும் இருந்தால், அவர் இறந்த பிறகு வாரிசு யாராவது தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினார்களா என்று கேளுங்கள். வாரிசுக்குத் தருவதற்கு 2016 ஆயுத விதிகளில் தனி வழியே இருக்கிறது, லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தாண்டினாலோ 25 வருஷம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே மாற்றலாம். அப்புறம் இன்னொன்று, இதை நான் யாரைக் கண்டாலும் கேட்கச் சொல்வேன்: தேர்தல் ரசீது. தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திருப்பி எடுத்து வருவது உங்களுக்கே தெரியும், நீங்களும் அலைந்திருப்பீர்கள். முறையாக வைத்திருந்த துப்பாக்கி என்றால் அலமாரியில் அந்த ரசீதுகளில் ஒன்றிரண்டாவது கிடக்கும். ஒன்றுகூட இல்லை என்றால் அந்த ரைஃபிள் எந்த ஸ்டேஷனும் பார்க்காத ரைஃபிள்.

எல்லாக் காகிதமும் இருந்து, மிஸ்திரி கண்டுபிடித்த எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒத்துப்போனால், அது நம்பர் இல்லாத துப்பாக்கியே அல்ல. வாங்க வழி இருக்கிறது. மாமா தன் மாவட்ட கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ, இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று உங்கள் பெயர் முகவரியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் கழிய வேண்டும். அதற்குள் உங்களுக்கு ரைஃபிளுக்கான அனுமதி வந்திருக்க வேண்டும். அனுமதி வருவதற்கு முன் பொருள் கை மாறக் கூடாது.

அங்கே உங்களுக்கு ஒரு தனித் தடை இருக்கிறது. உங்கள் நிலம் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலய எல்லையிலிருந்து நான்கு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் தருவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவு சொல்கிறது. பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் எழுதினாலும் உதவாது, ஏனென்றால் ஆயுதச் சட்டம் அந்தக் காரணத்தோடு சேர்த்துச் சொல்வது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை, ரைஃபிளை அல்ல.

பன்றியைச் சுடலாமா?

கூடாது. ரைஃபிளாலும் கூடாது, அப்பாவின் 12 போராலும் கூடாது. லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்திருக்க அனுமதி, காட்டு விலங்கைக் கொல்ல அனுமதி அல்ல. கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவில் சுடுகிறார்களே என்று கேட்டிருந்தீர்கள்; அது அந்த அரசு தன் அதிகாரத்தில் செய்த ஏற்பாடு, களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் செல்லாது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது வேறு: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடுவது, மூன்றுக்கு அப்பால்தான் சுடுவது, அதுவும் வனத்துறையினர் மட்டும். விவசாயி கையில் அந்த அதிகாரம் வரவில்லை. மீறிச் சுட்டுத் தண்டனை பெற்றால், அந்தத் துப்பாக்கியின் லைசென்ஸை ரத்து செய்து ஐந்து வருஷத்துக்கு வேறு லைசென்ஸ் கிடைக்காதபடி நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்பாவின் துப்பாக்கியும் போகும்.

சட்டத்தை விடுங்கள். ரைஃபிள் குண்டு பன்றியைத் தவறவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் எத்தனை பேர்? பன்றி வருகிற நேரமும் அவர்கள் நிற்கிற நேரமும் ஒன்றுதான்.

பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு உண்டு. சேதமான அன்றைக்கே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, குலசேகரம் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தொகை உங்களுக்குக் குறைவாகத் தோன்றலாம், ஆனால் சேதம் பதிவில் ஏற ஏறத்தான் உங்கள் பகுதிக்கு வனத்துறை ஆள் அனுப்பும்.

இப்போது செய்ய வேண்டியது

மாமாவுக்கு இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: ரைஃபிளை நான் வாங்கவில்லை, என் வசம் அது வந்ததும் இல்லை, முன்பணத்தைத் திருப்பி அனுப்பவும் என்று. பழைய செய்திகளை அழிக்காதீர்கள். "துப்பாக்கி அட்வான்ஸ்" என்று எழுதி அனுப்பிய ஜிபே பதிவு எப்படியும் இருக்கிறது, நீங்கள் அழித்தால் அந்த அழிப்புதான் சந்தேகத்தைக் கொடுக்கும். பணத்தை ரொக்கமாக வாங்காமல் அதே வழியில் திரும்ப வாங்குங்கள். அவர் தர மறுத்தாலும், சட்டம் அனுமதிக்காத விற்பனைக்குக் கொடுத்த பணத்தைக் கோர்ட் மூலம் கேட்டு வாங்குவது லேசு இல்லை, குடும்பத்துப் பெரியவர்களை வைத்துப் பேசுவதுதான் வழி.

2019 திருத்தத்துக்குப் பிறகு முறையில்லாமல் விற்பவருக்கு மட்டும் அல்ல, துப்பாக்கியைப் பெறுபவருக்கும் வெறுமனே வசம் வைத்திருப்பதைவிடக் கடுமையான பிரிவு பொருந்தும், குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரை போகலாம். மாமாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம், சொல்லிக் கொடுங்கள். லைசென்ஸ் இல்லை என்றால் அவர் செய்ய வேண்டியது, முதலில் அங்கே ஒரு வக்கீலைப் பார்த்து, அவர் மூலம் எழுத்தில் கொடுத்துப் பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படைப்பது. லைசென்ஸ் இருந்து காலாவதியாகிவிட்டது என்றால், ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க 21-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஒப்படைத்தால் வழக்கே வராது என்று நான் உறுதி தர மாட்டேன், ஆனால் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் நிலைமையும் சோதனையில் பிடிபட்டவர் நிலைமையும் கோர்ட்டில் ஒன்றல்ல. கிணற்றில் போடுவது, ரப்பர் தோட்டத்தில் புதைப்பது, வேறு யாருக்காவது தள்ளிவிடுவது, இந்த யோசனைகளை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

உங்கள் 12 போர் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று எடுத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தோடு வந்த நகலில் புதுப்பிக்க வேண்டிய தேதிக்கு அதிக நாள் இல்லை. கையில் ஒழுங்காக இருக்கிற ஒரு லைசென்ஸை முதலில் அடுத்த ஐந்து வருஷத்துக்குப் புதுப்பியுங்கள்.